கத்தி அருவி

7 பெப்ரவரி 1993, ஞாயிறு. எட்மண்டன், வட லண்டன்

கட்டிலை விட்டு இறங்கி நிமிர இன்றைக்கும் ஏழு நிமிடம். குளிர் காலத்தில் உள்ளங்கால் இரண்டும் முதலில் மரத்துப்போய் இருக்கும், பிறகு குத்தத் தொடங்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு குசினிவரை போய்விட்டால் அதற்குப் பிறகு தானாக நடக்கும். கிறிஸ்துராஜா அண்ணை பூசைக்கு வெளிக்கிட்டுக்கொண்டு நின்றவர், "உமக்குக் கலியாணம் பேசினம், நீர் கிழவன் மாதிரிச் சுவர் பிடிக்கிறீர்" என்றார். மன்னார்க்காரர். ஐந்து வருடமாக ஒரே வீடு, மேல் அறை அவருக்கு, கீழ் அறை எனக்கு. மனிதன் தங்கம், வாய் மட்டும் சும்மா இராது.

அம்மாவின் கடிதம் வந்திருக்கிறது. பெண்ணின் பெயர் சிவகௌரி. கொழும்பில் ஒரு பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பிக்கிறாளாம். தாய் தகப்பன் இல்லை, தமையன்தான் வளர்த்தவர். கடிதத்துக்குள் அம்மா படமும் வைத்திருந்தா. வடிவுதான். கமராவைப் பார்த்து, 'எடுத்து முடிஞ்சுதோ' என்று கேட்கிற மாதிரி ஒரு பார்வை.

நாளைக்கு ஆறு மணி ஷிப்ட். ஒரு நாளைக்கு ஆயிரம் கோழி வெட்டுகிற கைக்குத் தாலி கட்ட வருமோ தெரியாது.

12 பெப்ரவரி

பக்டரியில் ரெரி என்ற புதுப் பெடியன் பகிடிக்குப் பின்னால் வந்து இரண்டு கையாலும் என் கண்ணைப் பொத்தினான். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். மற்றது எல்லாம் பிறர் சொன்னது. முழங்கையால் அடித்தேனாம், மூக்கெலும்பு உடைந்ததாம், விழுந்தவனை மிதிக்கவும் போனேனாம். கையில் கத்தி இருந்திருக்கிறது, ஆனால் அதைப் பாவிக்கவில்லை. ஒரு கிழமை வீட்டில் நில் என்று அனுப்பிவிட்டார்கள்.

கண்ணை ஆரும் பொத்தக்கூடாது. இதை நான் ஆருக்குப் போய் விளங்கப்படுத்துறது?

28 பெப்ரவரி

சிவகௌரி தானே எழுதிய கடிதம். 'பத்தாம் வகுப்புக்கு ஏழு வருடமாக எரிமலை படிப்பிக்கிறேன், ஒரு எரிமலையும் கண்டதில்லை. கடன் வாங்கிய அறிவு' என்று எழுதியிருக்கிறாள். இரண்டு தரம் வாசித்துச் சிரித்தேன்.

என்னுடைய அகதிப் பயணப் புத்தகத்தோடு நான் இலங்கைக்குப் போக முடியாது. சிங்கப்பூர் விசா அவர்களுக்குக் கிடைக்கவில்லை. சுமத்திராவில் மேடான் நகரத்தில் எங்கள் ஆட்களின் அம்மன் கோயில் ஒன்று இருக்கிறது, அங்கே செய்யலாம் என்று தமையன் யோசனை சொல்கிறாராம். 'அந்தப் பக்கம் முழுக்க எரிமலை. ஒரு ஏரி இருக்கிறது, மலையே வெடித்து விழுந்த குழிக்குள் தண்ணீர் நின்றது. ஏரிக்கரையில் ஒரு பெரிய அருவி. கலியாணம் முடிய எனக்கு அதை மட்டும் காட்டினால் போதும், வேறு ஒன்றும் கேட்க மாட்டேன்' என்று முடித்திருக்கிறாள்.

பிடித்திருக்கிறது. எழுதிவிட்டேன், இனி என்ன வெட்கம்.

14 மார்ச், ஞாயிறு

தமையன் ரெலிபோன் எடுத்தார். பெயர் குகதாசன். கொழும்பில் வெளிநாட்டு அழைப்பு எடுத்துக்கொடுக்கும் கடை வைத்திருக்கிறார். சுகம் விசாரித்தார். என்ன எதிர்பார்க்கிறீர் என்று கேட்டார். நான் கூச்சத்தில் ரெலிபோன் வயரை விரலில் சுற்றிக்கொண்டு நின்றேன். அப்போது சொன்னார், மெதுவாக, மரியாதையாக:

"நீர் சொல்லும். எங்களுக்கு அவசரமில்லை."

நான் ரெலிபோனைச் சுவரில் அடித்தேன். அது சிதறும்வரை அடித்தேன்.

கிறிஸ்துராஜா அண்ணை ஓடிவந்து, துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே, "பொம்பிளை வீட்டுக்காரர் அப்பிடி என்ன கேட்டவையள்?" என்றார். நான் என் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

15 மார்ச்

எழுதிவிடுகிறேன். ஒரு தரம் எழுதினால் போதும்.

1986 கார்த்திகை. யாழ்ப்பாணம். ஒன்பது நாள். கண்ணைக் கட்டிக் கொண்டுபோன வீடு எது என்று இன்றுவரை தெரியாது. இலங்கை ஆமி இல்லை, எங்கள் தமிழ் இயக்கப் பிள்ளைகள்தான். மற்ற இயக்கத்துக்கு உதவினேன் என்பது குற்றம். பிளாஸ்டிக் குழாய்க்குள் மண் அடைத்து உள்ளங்காலில் அடித்தார்கள். அடித்தது எத்தனை பேர் என்று தெரியாது. கேள்வி கேட்டது ஒரே குரல். அது ஒருநாளும் உயரவில்லை. ஒரு தூஷணம் சொன்னதில்லை. என்னை நீர் என்றுதான் கூப்பிட்டது. அடி நிற்கும், குரல் வரும்: சொல்லும், எங்களுக்கு அவசரமில்லை. பிறகு அடி.

ஒன்பதாம் நாள் ஒரு பெயர் சொன்னேன். முருகேசன். என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன். அவனுக்கு ஒன்றும் தெரியாது. எனக்கு வேறு பெயர் வரவில்லை. அடுத்த கிழமை அவனைச் சந்தியில் சுட்டுப் போட்டிருந்தார்கள்.

87இல் குரோய்டன் குடிவரவுக் கந்தோரில் விசாரித்தபோது இதை நான் சொல்லவில்லை. 'எங்கடை ஆக்கள் அடிச்சது எண்டால் வெள்ளைக்காரனுக்கு விளங்காது, ஆமி எண்டு சொல்லும்' என்று முதலில் வந்தவர்கள் பிறகு வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த காலம் அது. காலைப் படம் எடுத்தார்கள், டொக்டர் அறிக்கை கொடுத்தார், ஆமி என்று கோப்பில் ஏறியது. முருகேசன் கோப்பில் இல்லை.

21 மார்ச்

ஆறு வருடத்துக்கு முந்திய குரலைப் போனில் கேட்டு ஒரு மனிதனைக் குற்றவாளி ஆக்கலாமா? அதையும் யோசித்தேன். தெருவிலிருக்கிற ரெலிபோன் பெட்டிக்குப் போய் நானே எடுத்தேன். லைன் வெட்டுப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்டேன். சும்மா கதைப்பதுபோல, 86இல் எங்கே இருந்தனீங்கள் என்று கேட்டேன்.

"அந்த நேரம் நான் யாழ்ப்பாணத்திலைதான். அந்தக் கதையள் இப்ப ஏன்?" என்றார். பிறகு, "எல்லாத்தையும் விட்டு வந்து ஆறு வருஷம்" என்றார்.

அவன்தான்.

22 மார்ச்

அம்மாவுக்கு இரண்டு வரி எழுதினேன். எனக்குச் சம்மதம். மேடானில் வைக்கலாம்.

17 ஏப்ரல்

எட்மண்டன் கிரீன் நூலகத்தில் சுமத்திராவைப் பற்றிய புத்தகம் ஒன்று கிடைத்தது. அருவியின் பெயர் சிப்பிசோ-பிசோ. உயரம் நானூறு அடிக்குக் கிட்ட. மேலிருந்து பார்க்க ஒரு இடம் இருக்கிறது, அடிவரை இறங்கப் படி இருக்கிறது. படி எப்போதும் ஈரம், கவனம் என்று போட்டிருந்தது.

நூலகப் பெண், "விடுமுறைக்கா?" என்று கேட்டாள். ஓம், கலியாணத்துக்கு என்றேன். அவள் வாழ்த்தினாள்.

2 மே

கௌரிக்கு எழுதினேன்: அருவி பார்க்கக் கட்டாயம் போவோம். அண்ணனும் வரவேண்டும், அவர் இல்லாமல் போனால் மரியாதையில்லை.

அவள் சந்தோசப்படுவாள். அதுதான் எனக்கு அருவருப்பாக இருக்கிறது, அவனைப் பற்றிய நினைப்பைவிட. இந்தப் பெண் என்ன செய்தாள்? ஒன்றும் செய்யவில்லை. ஆனாலும் எழுதினேன், முத்திரை ஒட்டினேன், பெட்டியில் போட்டேன்.

29 மே

லண்டன் ரூட்டிங்கில் ஒரு நகைக்கடையில் மோதிரம் வாங்கினேன். மாப்பிள்ளை கோயில் வாசலுக்கு வரும்போது பெண்ணின் சகோதரன் தோழனாக நின்று அவன் காலைக் கழுவ வேண்டும். மாப்பிள்ளை அவன் விரலில் மோதிரம் போட வேண்டும். எங்கள் வழக்கம். இதை நினைக்க நினைக்க எனக்குச் சிரிப்பு வருகிறது, நல்ல சிரிப்பு இல்லை. கடைக்காரர் தோழனின் விரல் அளவு கேட்டார். தடிச்ச கையாகத்தான் இருக்கும் என்றேன்.

கிறிஸ்துராஜா அண்ணை என் பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறார். பக்டரிக் கத்தி இருந்தது. "கலியாணத்துக்கு உது எதுக்கு?" என்றார். பகிடி இல்லை, முகம் வெளிறிப்போய் நின்றார். எடுத்துக் கொடுத்துவிட்டேன். அருவி இருக்கிறதே.

11 ஜூன், வெள்ளி. மேடான்

கலியாணம் நடந்தது.

அவனை நேரில் கண்டதும் ஏமாற்றமாக இருந்தது. கட்டையான ஆள், முன்தலை வழுக்கை, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்குகிறான். இப்படி ஒரு ஆளுக்கா நான் ஆறு வருடம் பயந்தேன்?

கோயில் வாசலில் தாம்பாளத்தில் கால் வைத்தேன். குந்தியிருந்து செம்பால் தண்ணீர் வார்த்தான். ஒரு கையால் குதியைப் பிடித்து, மற்றக் கையால் கழுவினான். பெருவிரல் உள்ளங்காலுக்குக் கீழே போனது. அங்கே தோல் தடித்து வரிவரியாக இருக்கும். விரல் நின்றது. திரும்ப ஒரு தரம் தடவிப் பார்த்தது. தண்ணீர் ஊற்றி முடிந்தும் அவன் காலை விடவில்லை. ஐயர் "காணும், காணும்" என்றபிறகுதான் விட்டான்.

நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. மோதிரம் போடக் கையை நீட்டினான். வலது கை. மோதிரத்தை விரலின் அடிவரை ஏற்றினேன்.

தாலி கட்டும்போது கௌரி மெல்ல, "முடிச்சு இறுக்கமாப் போடுங்கோ, நான் ஓடிப்போவன்" என்றாள். அந்த ஒரு நிமிடம் எல்லாவற்றையும் மறந்திருந்தேன்.

13 ஜூன், ஞாயிறு. பெராஸ்தாகி மலைநகர்

ஒழுங்காக எழுத வேண்டும், ஒன்றும் விடாமல்.

விடியவே கார் எடுத்துப் புறப்பட்டோம். முன்னால் சாரதிக்குப் பக்கத்தில் குகதாசன், பின்னால் நாங்கள் இருவரும். மலை ஏற ஏறக் குளிர்ந்தது. முட்டைக்கோவா வயல், தோடை மரம், அதற்கு மேலே எரிமலை ஒன்று பக்கவாட்டில் புகைந்துகொண்டு நின்றது. கந்தக மணம் கார் வரை வந்தது. கௌரி கண்ணாடியை இறக்கி மூக்கை வெளியே நீட்டி, "இதுதான், இதுதான் நான் கரும்பலகையிலை கீறுறது" என்றாள். தமையன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். அவளைப் பார்க்கும்போது அந்த முகம் வேறு முகம். அதைக் காண எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

அருவியை மேலிருந்து பார்த்தோம். சமதரையில் ஓடிவந்த ஆறு, நிலத்துக்குக் கீழே போய், பாறைச் சுவரின் நடுவிலிருந்து வெளியே பாய்கிறது. நேரே கீழே. வேறு எதிலும் படாமல். அப்பால் ஏரி, ஏரியைச் சுற்றிக் கருமலை. சாரதி அருவியின் பெயருக்கு அர்த்தம் சொன்னான், பிசோ என்றால் கத்தியாம். கௌரி அழுதுவிட்டாள். அழுகையும் சிரிப்புமாக ஏரியைக் காட்டி, எழுபதாயிரம் வருடத்துக்கு முந்தி இந்த இடம் வெடித்த கதையைச் சொன்னாள். நான் கேட்டுக்கொண்டு படியைப் பார்த்தேன்.

புதுச் சேலையோடு அவளால் இறங்க முடியாது. "நீங்கள் இரண்டு பேரும் போட்டு வாங்கோ, நான் இஞ்சை நிண்டு படம் எடுக்கிறன்" என்றாள். நான் கேட்காமலே எல்லாம் அமைந்தது.

அவன் முன்னால் இறங்கினான். நான் பின்னால். படி ஈரம். முதுகு எனக்கு முன்னே ஒரு கை தூரத்தில். பல இடம் வந்தது, தள்ளியிருக்கலாம். என் கால் வலி தாங்காமல் ஒவ்வொரு படியாக வைத்ததில் பிந்திவிட்டேன். அவன் நின்று காத்திருந்தான். ஒரு வளைவில் என் முழங்கையைப் பிடித்து இறக்கியும் விட்டான். தட்டிவிட்டேன்.

அடியில் ஆட்கள் இல்லை. சாரல் மழைபோல அடித்தது. காதுக்குள் வாயை வைத்துத்தான் கதைக்கலாம். அவன் குளத்தின் விளிம்பில் ஒரு பாறையில் குந்தி, வலது கையைப் பக்கத்துக் கல்லில் ஊன்றிக்கொண்டு சொன்னான்:

"காலைக் கழுவேக்கையே விளங்கீட்டுது. தள்ளுறதெண்டால் தள்ளும். கௌரி பாக்கிறாளோ எண்டு மட்டும் பாத்துப்போட்டு."

"என்னை ஞாபகமிருக்கோ?"

"இல்லை. பொய் சொல்லேல்லை. கன பேர். அந்தத் தழும்பு எங்கடை வேலை எண்டு தெரியும். முகம் ஞாபகமில்லை."

இதற்கு நான் ஆயத்தமாக வரவில்லை. ஆறு வருடம் ஒரு நாள் விடாமல் நான் அவனைச் சுமந்தேன். அவனுக்கு நான் கன பேரில் ஒருவன்.

"முருகேசனை ஞாபகமிருக்கோ?"

யோசித்தான். உண்மையாகவே யோசித்தான். பிறகு அதே குரலில், அதே மரியாதையில்:

"அந்தப் பெயர் நீர் தந்ததோ?"

கல்லை எடுத்தேன். இரண்டு கையாலும் தூக்கவேண்டிய கல். ஊன்றியிருந்த கையில் போட்டேன். திரும்ப எடுத்துப் போட்டேன். எத்தனை தரம் என்று எண்ணவில்லை. அந்தக் குரல் அப்போது உயர்ந்திருக்க வேண்டும், வாய் திறந்ததைக் கண்டேன். அருவி இரைச்சலில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஒரு சத்தம்கூடக் கேட்கவில்லை. அதற்காக இன்னொரு தரம் போட்டேன்.

பிறகு சேட்டுக் கொலரைப் பிடித்துத் தண்ணீருக்கு இழுத்தேன். தலை உள்ளே போனது. அவன் கையைக் காலை அடிக்கவில்லை. அமத்திப் பிடித்தேன். நான் என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது. முருகேசா என்றுதான் கத்தியிருப்பேன் போல.

நிமிர்ந்தபோது படியில் கௌரி. சேலையை முழங்கால்வரை செருகிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்தபடி இறங்கி வருகிறாள். தூரம்தான். சாரலில் சரியாகத் தெரிந்திருக்காது. வானவில் ஒன்றைக் கைநீட்டிக் காட்டிக்கொண்டு வருகிறாள்.

விட்டேன். அவனை வெளியே இழுத்துப் போட்டேன். இருமித் தண்ணீர் கக்கினான். கையைப் பார்த்தான், அது கையாக இல்லை. என் பக்கம் சாய்ந்து, "சறுக்கினது எண்டு சொல்லுறன்" என்றான்.

14 ஜூன். மேடான் ஆஸ்பத்திரி

பெராஸ்தாகியில் கட்டுப் போட்டு, விடியவே இங்கே கொண்டுவந்தோம். இரண்டு விரல் எடுத்தாயிற்று. மோதிரம் எலும்போடு நெளிந்திருந்ததால் வெட்டித்தான் கழற்றினார்கள். கௌரி அதைக் கடதாசியில் சுற்றி வைத்திருக்கிறாள். அண்ணை எப்பவும் கவனம், எப்பிடிச் சறுக்கினவர், எப்பிடிச் சறுக்கினவர் என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

எனக்கு நிம்மதி வரவில்லை. நன்றாகப் பசித்தது மட்டும் உண்மை. இரண்டு பிளேட் சோறு தின்றேன்.

26 ஜூன் 1993. எட்மண்டன்

தனியாக வந்து சேர்ந்தேன். கௌரியின் விசாவுக்கு இனித்தான் விண்ணப்பிக்க வேண்டும். கிறிஸ்துராஜா அண்ணை என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சோறு போட்டுத் தந்தார்.

16 பெப்ரவரி 1994

கௌரி வந்துவிட்டாள். ஹீத்ரோவில் என்னைக் கண்டதும் முதல் வார்த்தை: "இஞ்சை ஒரு மலைகூட இல்லையே."

8 மே 1994

இன்றைக்குக் கேட்டாள். கோழி துப்பரவு செய்துகொண்டிருந்தேன். பின்னால் வரவில்லை, முன்னால் வந்து நின்று கேட்டாள். என் முதுகுக்குப் பின்னால் வரக்கூடாது என்று யாரும் சொல்லாமலே பழகிவிட்டாள்.

"சறுக்கி விழுந்த மனிசனுக்கு முழங்காலிலை ஒரு கீறல் இல்லை. விரல் மட்டும் நசியுமோ? நான் படிப்பிச்ச பொம்பிளை. எனக்குப் பதில் சொல்லுங்கோ."

சொன்னேன். வீடு, குழாய், குரல், கல், எல்லாம். முருகேசனையும் சொன்னேன். நூலகத்தில் புத்தகம் பார்த்ததையும் சொன்னேன். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. கன்னத்தில் அறைந்தாள். திரும்பவும் அறைந்தாள். நான் கையைத் தூக்கவில்லை.

"நான் ஆசையாக் கேட்ட ஒரே இடம். அதிலையோ?" என்றாள். பிறகு, "நீங்கள் இரண்டு பேரும் ஆளுக்கு ஆள் அடிச்சுச் சரிக்கட்டீட்டியள். எனக்கு ஆர் பதில் சொல்லுறது? அண்ணையும் இதை எனக்குச் சொல்லேல்லை. பள்ளிக்கூடக் காசு கட்டி, தலை சீவி இழுத்து, சப்பாத்து வாங்கித் தந்த கை" என்றாள்.

அந்தக் கைதான். நானும் அவளும் ஒரே கையைப் பற்றிக் கதைக்கிறோம்.

19 மே 1994

பதினோரு நாளாகப் பேச்சில்லை. சமைக்கிறாள், வைக்கிறாள், போகிறாள்.

20 மே 1994

"கால் வலிக்குதோ?" என்றாள் காலையில். ஓம் என்றேன். சுடுதண்ணீர் வைத்துக் கொண்டுவந்து வைத்தாள். தொடவில்லை. நானே காலை வைத்துக்கொண்டேன்.

3 டிசம்பர் 1995

குகதாசன் ஹீத்ரோவில் இறங்கி அகதி விண்ணப்பம் கொடுத்திருக்கிறார். கொழும்பில் சுற்றிவளைத்துப் பிடிக்கிறார்களாம். விட்டுவந்த இயக்கமும் தேடுகிறதாம். ஈஸ்ட்ஹாமில் ஒரு அறையில் ஆறு பேரோடு இருக்கிறார்.

கௌரி இதைச் சொல்லிவிட்டு, "நான் உங்களிட்டை ஒண்டும் கேக்க மாட்டன்" என்றாள். பிள்ளை வயிற்றில் ஏழு மாதம். கதிரையில் கஷ்டப்பட்டு இருந்தாள்.

ஏன் 'இருக்கிறார்' என்று மரியாதையாக எழுதினேன்? தெரியவில்லை. எழுதியது இருக்கட்டும்.

11 ஜனவரி 1996

குகதாசனின் வழக்கைப் பார்க்கிற சொலிசிற்றரின் ஒபீசில் மொழிபெயர்ப்பாளர் வரப் பிந்துமாம். 17ஆம் திகதி வாக்குமூலம் எழுதாவிட்டால் குரோய்டனில் கொடுத்த தவணை தாண்டிவிடும். கிறிஸ்துராஜா அண்ணை, தான் மொழிபெயர்க்கப் போகலாம் என்றார். அவருடைய ஆங்கிலம் அடுப்படிக்குத்தான் சரி.

நான் போகிறேன் என்றேன். கௌரி தட்டைக் கழுவிக்கொண்டிருந்தவள் தண்ணீரை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நம்பிப் பார்த்தாளா பயந்து பார்த்தாளா என்று தெரியவில்லை. இரண்டும் இருந்தது.

17 ஜனவரி 1996

போகும்போது பஸ்ஸில் குகதாசன் இடது கையால் கம்பியைப் பிடித்தபடி நின்றார். வலது கை கோட்டுப் பைக்குள்.

எழுதிக்கொள்ள ஒரு இளம் வெள்ளைக்காரப் பெண். பெயர், பிறந்த திகதி, கடை, சுற்றிவளைப்பு எல்லாம் ஒழுங்காகப் போனது. அவர் தமிழில் சொல்ல நான் ஆங்கிலத்தில் சொன்னேன். பிறகு அவள் கையைக் காட்டச் சொன்னாள். மேசையில் வைத்தார். மூன்று விரல், அதிலும் ஒன்று மடங்காது. இது எப்படி வந்தது, செய்தவர் யார் என்று கேட்டாள்.

அவருக்குக் கேள்வி விளங்கிவிட்டது. என்னைப் பார்க்காமல் தமிழில் சொன்னார்:

"பக்கத்திலை இருக்கிறவர் செய்தவர். நான் செய்ததுக்கு. அதுதான் உண்மை. அதைச் சொன்னால் எனக்குக் கேஸ் இல்லை, உமக்கும் வில்லங்கம். நீர் என்ன சொன்னாலும் எனக்குச் சரி."

அந்தப் பெண் பேனையோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆமி என்று சொன்னேன்.

எத்தனை நாள் வைத்திருந்தார்கள் என்று கேட்டாள். நான் அவரிடம் கேட்கவில்லை. ஒன்பது நாள் என்றேன். எப்படிப்பட்ட இடம்? கண்ணைக் கட்டியிருந்தது, வீடு என்று தெரியும், எங்கே என்று தெரியாது. தரை சீமெந்து. பக்கத்தில் யாரோ தேங்காய் துருவும் சத்தம் காலையில் வரும். அவள் எழுத எழுத நான் சொல்லிக்கொண்டு போனேன். குழாய்க்குள் மண் அடைத்தது. அடி நின்றதும் அடுத்த அடி எப்போது என்று காத்திருக்கும் நேரம் அடியைவிட மோசம் என்றேன். தண்ணீர் கேட்டால் கிடைத்தது, மரியாதையாகக் கொடுத்தார்கள் என்றேன். கடைசியாக அவர்கள் அவருடைய கையைக் கல்லால் நசித்தார்கள் என்றேன். என் குரல் உயரவில்லை. குகதாசன் தலையைக் குனிந்தபடி முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த அளவு ஆங்கிலம் அவருக்கு இருந்தது.

இவர் ஏதாவது தகவல் கொடுத்தாரா என்று அவள் கேட்டாள்.

ஓம், ஒரு பெயர் சொன்னார் என்றேன். நண்பனுடைய பெயர். அவன் ஒன்றும் செய்யாதவன். அவனைச் சுட்டுவிட்டார்கள். இவர் இதை இதுவரை எந்த அதிகாரியிடமும் சொல்லவில்லை, எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். பெயரைக் கேட்டாள். எழுத்துக்கூட்டிச் சொன்னேன். அவள் எழுதினாள். முருகேசன்.

அவளுடைய கண் கலங்கியிருந்தது. டிஷ்யூப் பெட்டியை மேசைக்கு மேலால் குகதாசன் பக்கம் தள்ளிவிட்டாள். அவர் ஒன்றும் எடுக்கவில்லை. அந்த மூன்று விரலாலும் பெட்டியை மெல்ல நகர்த்தி என் முன்னால் வைத்தார்.